ஆறில் ஒரு பங்கு மெதுவாக

டெரிக் பாட்டை விட்டதற்குக் காரணம் அவன் இடது கையில் பட்ட அடிதான், வேறு ஒன்றுமில்லை என்று அவன் அக்கா மாரீன் சொன்னதைப் பரஞ்சோதி ஒரு நாளும் முழுதாக நம்பியதில்லை. நம்பாமலேயே அதை வைத்துக்கொண்டு முப்பத்து மூன்று வருடம் ஓட்டிவிட்டான். ஓட்டைக் குடையானாலும் மழை வந்தால் விரித்துக்கொள்கிறோம் இல்லையா, அந்த மாதிரி. பணிமனையில் சாணைக்கல் தெறித்து டெரிக்கின் மோதிர விரல் நரம்பு போயிற்று, இனி கிடார் பிடிக்க முடியாது, கிடார் பிடிக்க முடியாதவன் எதற்குப் பாட வேண்டும் என்று விட்டுவிட்டான்: இவ்வளவுதான் கதை. சொல்லப்போனால் ஒரு குறையும் சொல்ல முடியாத கதை. விரல் இருக்கிறது, கல் இருக்கிறது, ரத்தம் இருக்கிறது. பரஞ்சோதி மட்டும் அதில் எங்கும் இல்லை. அதனால்தான் அது அவனுக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் உறுத்தவும் செய்தது. பஸ்ஸில் போகும்போது, பல் தேய்க்கும்போது, கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது அந்தச் சாணைக்கல் திடீரென்று சுற்ற ஆரம்பிக்கும். எந்தக் கிழமை அடிபட்டது, யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், எத்தனை தையல் என்று அவன் மாரீனிடம் கேட்டதே இல்லை. கேட்டால் அவளிடம் பதில் இல்லாமல் போய்விடுமோ என்று பயம். கதையைப் பழுதாக்காமல் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அதைத் தட்டிப் பார்க்கக் கூடாது என்பது ரேடியோ ரிப்பேர் பார்த்தவனுக்குத் தெரியாதா என்ன.

இப்போது அந்த டெரிக்கின் ரெக்கார்டுதான் அவன் மேஜையில் சுற்றிக்கொண்டிருந்தது. ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. ஜன்னலைச் சாத்தியிருந்தான். மின்விசிறியையும் நிறுத்தியிருந்தான், அதன் ரெகுலேட்டரிலிருந்து ஒரு ரீங்காரம் ஒயர் வழியாக வந்து பாட்டோடு சேர்ந்துகொள்ளும். முதுகில் வியர்வை கோடாக இறங்கியது. பதினொரு வருடமாக இதுதான் அவன் வேலை. ஒலிப்பதிவுக் கூடத்து உத்தியோகத்திலிருந்து முன்னதாகவே ஓய்வு வாங்கிக்கொண்டு அயனாவரத்து வீட்டின் இந்தச் சின்ன அறையில் உட்கார்ந்து, ஆட்கள் கொண்டுவந்து கொடுக்கும் பழைய தட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கரகரப்பை எடுத்துக் கொடுக்கிறான். இந்த வேலையில் அவசரப்பட முடியாது. ஒரு பக்கம் இருபத்திரண்டு நிமிடம் என்றால் இருபத்திரண்டு நிமிடமும் முள் அதன் பாட்டுக்கு ஊர்ந்துதான் ஆக வேண்டும், ஆள் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். எழுந்து நடந்தால் தரை அதிர்ந்து முள் நடுங்கும். ஆகையால் உட்கார்ந்திருப்பான். திரையில் ஒலி பச்சைக் கோடாக விரிந்து சுருங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். உட்கார்ந்திருப்பவன் எதையாவது நினைக்காமல் என்ன செய்வான்? நாதஸ்வரத் தட்டு என்றால் நாதஸ்வரத்தை நினைக்கலாம். மேடைப் பேச்சுத் தட்டு என்றால் அந்தக் கைதட்டலில் எத்தனை பேர் செத்துப்போயிருப்பார்கள் என்று கணக்குப் போடலாம். மாரீன் அனுப்பிய ஏழு ப்ளூஸ் தட்டுகளில் ஆறை இந்த வாரம் முடித்துவிட்டான். ஏழாவதைத் திங்கள் தள்ளிப்போட்டான், புதன் தள்ளிப்போட்டான், வெள்ளிக்கிழமை எடுத்து, பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புக் கரைத்து மெல்லிய பிரஷ்ஷால் வரிவரியாகக் கழுவி, காயட்டும் என்று நிறுத்திவைத்தான். அரை மணியில் காய்ந்துவிடும். இரண்டு நாள் காயவிட்டான். கழுவும்போதே கையில் தெரிந்துவிட்டது, முதல் பக்கம் நான்காவது பாட்டின் மேல் மட்டும் கறுப்பு மங்கி வெளிறியிருந்தது. அத்தனை தடவை முள் போய் வந்த இடம்.

போன வாரம்தான் மாரீன் போன் செய்தாள். டெரிக்குக்கு இரண்டு வயது மூத்தவள், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், பெரம்பூர் ரயில்வே காலனிக்குப் பின்னாலிருந்த வீட்டில் இன்னும் ஒண்டியாக இருந்தாள். "என்ன மேன் ஜோ, உயிரோட இருக்கியா? நான் போகப்போறேன் மேன்." பரஞ்சோதியை ஜோ என்று சுருக்கியது டெரிக்தான், பரஞ்சோதியில் பாதியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டான். "எங்க போற?" "பெர்த்துக்கு. நடாலி வந்து கூட்டிட்டுப் போறா. இனிமே இங்க எனக்கு யார் மேன் இருக்கா, கல்லறையில இருக்கறவங்களைத் தவிர?" நடாலி என்பது டெரிக்கின் மகள், ஆஸ்திரேலியாவில் இருப்பவள். டெரிக் இறந்து நான்கு வருடமாகிறது, காலையில் வேலைக்குக் கிளம்பியவன் காரில் ஏறி உட்கார்ந்தபடியே. அந்தச் செய்தியையும் மாரீன்தான் சொன்னாள், அன்றைக்கும் பரஞ்சோதி எதையும் கேட்கவில்லை. "ரெக்கார்டெல்லாம் பிளேன்ல தூக்கிட்டுப் போக முடியாதாம். பென் டிரைவ்ல போட்டுக் குடுத்துடு. மத்ததெல்லாம் எப்படி வந்தாலும் பரவால்ல, அந்தக் கிணத்துக் கிழவன் பாட்டு மட்டும் கரெக்டா வரணும் மேன். அவ டாடி டெய்லி ஷேவ் பண்றப்ப அதைத்தான் பாடுவாராம், நடாலி அதை ஒரு தடவை கேக்கணும்ங்கறா." சரி என்று சொல்லிவிட்டான். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. பாட்டை விட்டவன் தினமும் ஷேவ் செய்யும்போது பாடினானா. பாடினான் என்றால் எந்த வேகத்தில் பாடினான்.

வேகம். அங்கேதான் எல்லாம் போய் முட்டும், எந்தச் சந்தில் புகுந்தாலும் கடைசியில் அந்தச் சுவர். டெரிக்கின் அப்பா ஹாஸ்கின்ஸ் என்ஜின் டிரைவர். மணலிப் பக்கம் ஏதோ தொழிற்சாலை கட்ட வந்த அமெரிக்க என்ஜினீயர் ஊர் திரும்பும்போது இரண்டு மிலிட்டரி ரம் பாட்டிலுக்குப் பதிலாக ஒரு ரெக்கார்டு பிளேயரையும் ஏழு தட்டுகளையும் அவரிடம் தள்ளிவிட்டுப் போனான். அட்டைகளைச் செல் அரித்துவிட்டது. தட்டின் நடுவிலிருந்த சிவப்புக் காகிதத்தில் என்ஜின் எண்ணெய் ஊறி எழுத்தெல்லாம் போய்விட்டது. பாடியவர்களுக்குப் பெயர் கிடையாது, டெரிக்தான் பெயர் வைத்தான். ஒருவன் பீடிக் குரல், ஒருவன் தகரக் கொட்டகை, ஒருவன் கிணத்துக் கிழவன். கிணற்றுக்குள் இறங்கி நின்றுகொண்டு, மேலே எட்டிப் பார்ப்பவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் பாடுகிற கிழவன். ரயில் உன்னைக் கொண்டுபோயிற்று, உன் செருப்பு மட்டும் என்னிடம் இருக்கிறது என்று ஒரு பாட்டு, அவ்வளவுதான் அதில் விஷயம், அதையே திருப்பித் திருப்பி. டெரிக் மோவாயை நெஞ்சில் அழுத்திக்கொண்டு அந்த ஆழத்தை எட்டிப் பிடிப்பான். ரயில்வே காலனியில் ரயில் பாட்டு, கேட்க வேண்டுமா, பின்வாசலில் உட்கார்ந்து அவன் பாடினால் ஷிப்ட் முடிந்து வரும் ஃபயர்மேன் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். கூட வாசிப்பது பரஞ்சோதி. அவன் பேஸ் கிடார். நான்கு தந்தி, பின்வரிசை. அவனுக்குக் குரல் இல்லை. குரல் இல்லாதவனுக்குக் காது மட்டும் நன்றாக இருப்பது போல் ஒரு தண்டனை கிடையாது, தன்னிடம் இல்லாதது என்ன என்று ஒவ்வொரு ஸ்வரத்திலும் துல்லியமாகத் தெரிந்துகொண்டே இருக்கும். பொறாமையா என்றால் பொறாமை என்று சொல்ல முடியாது. டெரிக்கை அவனுக்கு அவ்வளவு பிடிக்கும். பிடிக்கும் என்பதும் பொறாமை இல்லை என்பதும் ஒன்றா? இந்த இடத்தில் எப்போதும் முள் மாட்டிக்கொள்ளும், அதே வரி அதே வரியாக ஓடும், பிடிக்கும், பொறாமை இல்லை, பிடிக்கும், பொறாமை இல்லை.

கதவு ஒரு விரற்கடை திறந்தது. அவன் மனைவி அமுதவல்லி பூனை மாதிரி வந்து நின்றாள். பேசினால் பதிவில் விழாது, முள்ளிலிருந்து நேராக ஒயரில்தான் போகிறது, இதை அவளுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறான், இருந்தும் அவள் கிசுகிசுப்பாகத்தான் பேசுவாள். "ஏங்க, மத்தியானத்துக்குக் கருவாடு போடட்டுமா, முட்டையா?" "ஏதாவது." "ஏதாவதுன்னு ஒண்ணு கடையில விக்கலை." அவன் ஹெட்போனைக் கழற்றவில்லை. அவள் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். "என்ன, உடம்புக்கு என்ன? பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க." "புழுக்கம்." "ஃபேனைப் போட்டுக்கங்க, உங்க பாட்டுக்காரனுக்கும் காத்து வேணும்ல." போய்விட்டாள். இருபத்தெட்டு வருடம் ஒரே வீட்டில், ஒரே பாயில் தொடங்கி ஒரே கட்டில் வரை, அவளிடம் டெரிக் என்று ஒரு பெயரைத் தவிர எதையும் சொன்னதில்லை. பழைய சிநேகிதன், ஆஸ்திரேலியா போய்விட்டான். எல்லாருக்கும் அப்படி ஒருவன் இருப்பான்தானே. மூன்றாவது பாட்டு முடிந்தது. இரண்டு பாட்டுக்கு நடுவே வெறும் கரகரப்பு, எண்ணெய் காய்கிற மாதிரி. பிறகு அது வந்தது.

முதல் மூச்சிலேயே தெரிந்துவிடும். ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கலாம், அதற்கும் கீழே இருக்கலாம். கிழவனும் இல்லை, கிணறும் இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கொஞ்சம் கேலியாக, கொஞ்சம் அழுகையை மென்று விழுங்கிக்கொண்டு, காலால் தாளம் போட்டபடி பாடுகிற ஒருத்தி. ரயில் உன்னைக் கொண்டுபோயிற்று, உன் செருப்பு என்னிடம் இருக்கிறது. அவனுக்கு இது அதிர்ச்சி இல்லை. இதை இரண்டாவது தடவையாகக் கேட்கிறான், முதல் தடவை கேட்டபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது. அந்த அமெரிக்க பிளேயர் நூற்றுப்பத்து வோல்ட்டில் ஓடுவது, இங்கே இருநூற்று முப்பது, அதனால் ஹாஸ்கின்ஸ் ஓர் இரும்புப் பெட்டி டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிப் பொருத்தியிருந்தார். அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டதென்று அந்த வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். நவம்பர் மாதத்தில் ஒரு நாள் அதன் மோட்டாருக்கு எண்ணெய் விட வேண்டுமென்று டெரிக் கூப்பிட்டான், பரஞ்சோதி அடித்தட்டைக் கழற்றினான். மோட்டாரின் நெற்றியில் சின்னத் தகடு, நூற்றுப்பத்து வோல்ட், அறுபது சைக்கிள். வோல்ட்டை இரும்புப் பெட்டி குறைக்கும். சைக்கிளை, மின்சாரம் நொடிக்குத் துடிக்கிற கணக்கை, எது மாற்றும்? அவர்கள் ஊர் மின்சாரம் அறுபது, நம் ஊர் மின்சாரம் ஐம்பது, மோட்டார் மின்சாரத்தின் துடிப்புக்குத்தான் சுற்றும். ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது அந்த வீட்டில் அத்தனை வருடமும், மூன்று நிமிடப் பாட்டை மூன்றரை நிமிடத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு, சுருதியை மூன்று படி கீழே இறக்கி, பெண்ணைக் கிழவனாக்கி. ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகக் கவிழ்ந்து படுத்திருந்தான். தலைக்கு மேலே டெரிக், "என்ன மேன், உள்ள எலி செத்துக் கிடக்கா?" என்றான். இல்லை என்றான் பரஞ்சோதி. தகட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நிச்சயமாகத் தெரியாமல் என்ன சொல்வது, அதனால்தான் சொல்லவில்லை. அது பொய்யில்லை. மறுநாள் கிணத்துக் கிழவனை மட்டும் இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு, தான் வேலை பார்த்த ஹபீபுல்லா பாய் ரேடியோ கடைக்கு எடுத்துக்கொண்டு போனான். மத்தியானத் தொழுகை முடித்து வந்து பாய் நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். கடை பிளேயரில் தட்டைப் போட்டான். அந்தப் பெண் பாடினாள். பாட்டு முழுவதும் நின்றபடியே கேட்டான், மயிர்க்கால் குத்திட்டு நின்றது. அப்போது அவன் மனசில் வந்தது என்ன என்று எத்தனையோ தடவை தோண்டிப் பார்த்திருக்கிறான், அய்யோ டெரிக் என்று வந்ததா, ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று வந்ததா. வந்திருக்கலாம். ஆனால் முதலில் வந்தது வேறு. இது எனக்கு மட்டும் தெரியும் என்று வந்தது. வாயில் கற்கண்டு போட்டுக்கொண்டு அது கரையாமல் கன்னத்தில் ஒதுக்கிவைத்திருப்பது போல ஒரு சுகம். டெரிக் நாளைக்கும் பாடுவான், ஃபயர்மேன்கள் சைக்கிளை விட்டு இறங்குவார்கள், பின்வரிசையில் நிற்கிற எனக்கு மட்டும் அது தப்பு என்று தெரியும். மூன்று வாரம் அந்தக் கற்கண்டை வைத்திருந்தான். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம். சொன்னால் டெரிக் வேகத்தை மாற்றுவான், அந்த அழகு போய்விடும், அதனால்தான் சொல்லவில்லை என்று பிறகு ஒரு காரணம் கண்டுபிடித்தான். அதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. கொஞ்சம் உண்மை கலந்த பொய்தான் கெடாமல் இருக்கும், உப்புப் போட்ட மாங்காய் மாதிரி.

டிசம்பரில் காலனி இன்ஸ்டிட்யூட் ஹாலில் பாட்டுப் போட்டி. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், ஹால் நிறைய ஆட்கள், கலர் பேப்பர் தோரணம், புழுக்க வாடையும் சென்ட் வாடையும். பெங்களூரிலிருந்து நடுவராக ஒருவர் வந்திருந்தார், இரண்டாயிரம் ரெக்கார்டு வைத்திருப்பவர் என்று சொன்னார்கள். அதைக் கேட்டபோதே பரஞ்சோதிக்குத் தெரிந்துவிட்டது, இவரிடம் அந்தத் தட்டும் இருக்கும். அப்போதாவது சொல்லியிருக்கலாம். மேடைக்கு ஏறும் படியில், டெரிக்கின் முழங்கை அவன் விலாவில் இடித்துக்கொண்டிருந்த இடத்தில். டெரிக் பாடினான். மோவாயை நெஞ்சில் அழுத்திக்கொண்டு, கிணற்றின் அடியிலிருந்து. அப்படி அவன் அதற்கு முன் பாடியதில்லை. பாட்டு முடிந்ததும் நடுவர் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, தம்பி, உனக்குக் குரல் இருக்கிறது, ஆனால் பாட்டை யாரிடம் கேட்டுப் படித்தாய், சுருதியும் வேறு, நடையும் சவ ஊர்வலம் மாதிரி, ரெக்கார்டை ஒரு தடவையாவது ஒழுங்காகக் கேட்டுவிட்டு மேடைக்கு வர வேண்டாமா என்று ஆங்கிலத்தில் நல்ல உச்சரிப்பில் கேட்டார். டெரிக் சிரித்தான், தயக்கமே இல்லாமல். "ரெக்கார்டுல இப்படித்தான் சார் இருக்கு." "அந்த ரெக்கார்டு என்னிடம் இருக்கிறது தம்பி." முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். டெரிக் திரும்பினான். வேறு யாரிடமும் திரும்பவில்லை, டிரம்ஸ் வாசித்தவனிடம் திரும்பவில்லை. "ஜோ, நீ சொல்லு மேன். ரெக்கார்டுல இப்படித்தானே இருக்கு?" நானூறு தடவை கேட்ட பாட்டு. இப்படித்தான் சார் இருக்கு, மோட்டார் அறுபது சைக்கிள் சார், இவர்கள் வீட்டில் மெதுவாகச் சுற்றுகிறது சார், இவன் கேட்டதை இவன் மயிரிழை பிசகாமல் பாடினான் சார் என்று ஒரு மூச்சில் சொல்லியிருக்கலாம். சொன்னால் டெரிக் அடுத்த கேள்வி கேட்பான். எப்ப மேன் பாத்த? திருடனுக்குத் தேள் கொட்டின கதை. பரஞ்சோதி பேஸ் கிடாரின் வாரைச் சரிசெய்துகொண்டான். "சரியா ஞாபகமில்ல சார்" என்றான். டெரிக்கிடம்கூட இல்லை, நடுவரிடம்.

அந்த ஹாலின் சிரிப்பு பெரிய சிரிப்பு இல்லை. பெரிய சிரிப்பாக இருந்திருந்தால் மறந்திருப்பார்கள். அது காலனிக்குள் போய்க் குடித்தனம் நடத்த ஆரம்பித்தது. கேரம் போர்டில் காயைத் தவறவிட்டவன், "ரெக்கார்டுல இப்படித்தான் சார் இருக்கு" என்பான். கேக் கருகிப்போனால் பெண்கள் சொல்வார்கள். பாதர் பூசையில் ஒரு வரியை மாற்றிப் படித்த அன்றைக்குப் பின்பெஞ்சில் எவனோ முணுமுணுத்தான், அவன் பக்கத்திலிருந்த டெரிக்கும் சிரித்தான் என்று கேள்வி. புளுகன் என்று யாரும் அவனைச் சொல்லவில்லை, சொல்லத் தேவையே இல்லாமல் போயிற்று. பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் பரஞ்சோதி எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று முடிவு செய்து அவர்கள் வீட்டு கேட் வரை போனான். இரண்டு மாதம் ஆயிற்று அதற்கு. வழியெல்லாம் வாக்கியத்தை உருட்டிக்கொண்டு போனான், டெரிக், நவம்பர்லயே எனக்குத் தெரியும். கேட்டில் மாரீன் நின்றாள். அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவளே பேசினாள், ஒரே சீராக, நிறுத்தாமல். "டெரிக் இல்ல ஜோ. அவனுக்கு ஒர்க்ஷாப்ல கையில அடி, மோதிர விரல் நரம்பு போயிடுச்சு. இனிமே கிடார் இல்ல. அதான் பாட்டை விட்டுட்டான். அதுக்கும் அந்தப் போட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. உன்மேல அவனுக்கு எந்தக் கோபமும் இல்ல. நீ மனசுல எதுவும் வச்சுக்காத மேன்." அவன் உருட்டி வந்த வாக்கியத்துக்கு அங்கே இடமே இல்லை. அய்யோ, பாத்து இருக்கச் சொல்லு என்று சொன்னான். திரும்பி வரும்போது பெரம்பூர் பாலத்தில் நடை லேசாக இருந்தது, அதை நினைத்தால் இன்றைக்கும் காது மடல் சுடுகிறது. ஒருவனுக்கு நரம்பு அறுந்தது என்று கேட்டுவிட்டு லேசாக நடந்து வந்தவன். மே மாதம் டெரிக் ஆஸ்திரேலியா போகப் பம்பாய் ரயில் ஏறினான், கூட்டத்தோடு கூட்டமாக இவனும் சென்ட்ரலுக்குப் போயிருந்தான். பிளாட்பாரத்தில் டிரங்குப் பெட்டியின் கயிறு அவிழ்ந்துவிட்டது. டெரிக் மண்டி போட்டு, கயிற்றை இடது கை விரல்களில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரே வெட்டாக வெட்டி இழுத்து முடிச்சுப் போட்டான். மோதிர விரலிலும் கயிறு இருந்தது. கட்டு இல்லை, வடு இல்லை. பரஞ்சோதி சட்டென்று டீக்கடைப் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டான். பார்க்கவில்லை. அவ்வளவுதான், பார்க்கவில்லை. ஆறியிருக்கும். நரம்பு எல்லாம் ஆறும்.

பாட்டு முடிந்து, அடுத்ததும் முடிந்து, முள் நடுக் காகிதத்தின் ஓரத்தில் இடித்து இடித்துத் திரும்பிக்கொண்டிருந்தது. தூக்கி வைத்தான். மின்விசிறியைப் போட்டுக்கொண்டான். நான்காவது பாட்டை மட்டும் தனியாக வெட்டி எடுத்தான். சொடுக்குகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பிடுங்கினான், எப்போதும் செய்கிற வேலை, கை தானாகச் செய்தது. இனி செய்ய வேண்டியது ஒன்றுதான். கரெக்டா வரணும் மேன். எது கரெக்ட்? இதை இப்படியே கொடுத்தால் மாரீன் கேட்டுவிட்டு, யார் மேன் இது, எங்க கிழவன் எங்கே என்பாள், நாலாயிரம் மைல் தாண்டி ஒரு பெண் தன் அப்பாவின் பாட்டைக் கேட்க உட்கார்ந்து யாரோ ஒருத்தியின் பாட்டைக் கேட்பாள். கிழவனைக் கொடுக்கலாம். அதற்கு இருபது நொடி போதும், வேகத்தைக் கேட்கும் கட்டத்தில் எண்பத்து மூன்று புள்ளி மூன்று மூன்று என்று அடிக்க வேண்டும். அந்த எண் விரல் நுனியிலேயே இருந்தது. கூட்டிக் கழிக்கத் தேவைப்படாமல், முப்பத்து மூன்று வருடமாக அங்கேயே காத்துக்கொண்டிருந்த மாதிரி. அடித்தான். கிழவன் எழுந்து வந்தான். மோவாயை நெஞ்சில் அழுத்திக்கொண்டு வந்தான், ஒரு கணம் அது கிழவனாக இல்லை, இருபத்திரண்டு வயது டெரிக். பரஞ்சோதி ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டான். இதைக் கொடுத்தால், எப்படி மேன் இவ்வளவு கரெக்டா எங்க வீட்டு வேகத்துக்குக் கொண்டுவந்தே என்று மாரீன் கேட்கமாட்டாளா? கேட்கட்டும் என்றால் கேட்கட்டும். கேட்காவிட்டால்? கேட்காவிட்டால் அதுவும் அந்தக் கதையைப் போலப் பெட்டிக்குள் போய்விடும், அவள் விமானம் ஏறிவிடுவாள், இனிக் கேட்கவோ சொல்லவோ ஒருவரும் மிச்சமிருக்கமாட்டார்கள். பாலத்தில் மறுபடியும் நடை லேசாகிவிடும். அந்த லேசு மட்டும் இனி வேண்டாம். போனை எடுத்தான். எடுத்த பிறகும் ஒரு கோழைத்தனம் பாக்கி இருந்தது. வாயால் சொல்வதற்குப் பதில் பெண் குரலை ஸ்பீக்கரில் வைத்து, போனை அதன் முன்னால் நீட்டினான். அவளே கேட்கட்டும், யார் இது என்று. கேட்டால் சொல்லிவிடுவது.

முழுப் பாட்டும் ஓடியது. போனைக் காதுக்குக் கொண்டுபோனபோது எதிர்முனையில் மாரீன் மூச்சு விடுவது மட்டும் கேட்டது, பின்னால் ஏதோ அட்டைப்பெட்டியை இழுக்கும் சத்தம்.

"நல்லா கிளீனா வந்திருக்கு மேன்" என்றாள். "பாவம், இவளுக்கு அப்ப இருபத்தஞ்சு வயசுகூட ஆகியிருக்காதுன்னு டெரிக் சொல்வான்."

பரஞ்சோதி போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். "டெரிக்குக்குத் தெரியுமா?"

"எது?"

"இது பொம்பளைக் குரல்னு. நம்ம மெஷின்தான் மெதுவா ஓடுதுன்னு."

"தெரியாம? பாய் உங்கிட்டச் சொல்லலையா? போட்டி முடிஞ்ச மறுநாள் காலையில ரெக்கார்டைத் தூக்கிட்டு உன் கடைக்குத்தான் மேன் போனான், மெஷின் கோளாறா, என் காது கோளாறான்னு ஜோகிட்டப் போட்டுப் பாத்துர்றேன்னு. நீ அன்னிக்கு வரலை. பாய்தான் போட்டாராம். போட்டுட்டு, இதை உங்க ஜோ மூணு வாரம் முன்னாடியே இங்க நின்னு கேட்டானே தம்பி, சொல்லலையான்னாராம்."

நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த பாய். தூங்கவில்லை. போட்டிக்குப் பிந்தின திங்கட்கிழமை பாய் அவனிடம், இனிமே ரெக்கார்டு கேட்டு வர்றவங்களுக்கு நீ போட வேணாம், நானே போட்டுக் காட்டிக்கிறேன் என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னார், வியாபாரத்தில் ஏதோ மாற்றம் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டான்.

"டெரிக் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலை மேன். வந்தான், சாப்பிட்டான், படுத்தான். ரெண்டு நாள் பேசலை. இப்ப எதுக்கு அதெல்லாம்? எனக்கு எந்த வேகம்னாலும் சரி, ரெண்டையும் போட்டுக் குடு, நடாலி எது வேணுமோ எடுத்துக்கட்டும்."

சமையலறையில் அமுதவல்லி முட்டை உடைக்கும் சத்தம் வந்தது. டெரிக்குக்கும் மாரீனுக்கும் தெரியும். கேட்டில் அவன் போய் நிற்பதற்கு இரண்டு மாதம் முன்னாலிருந்தே தெரியும். ஆகக் கை நன்றாகத்தான் இருந்தது, அதை இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, சென்ட்ரல் பிளாட்பாரத்திலேயே அவனுக்கே தெரியும். மாரீன் அன்றைக்குத் தடுமாறவில்லை. யோசித்து யோசித்துச் சொல்லவில்லை. அவன் வருவான் என்று தெரிந்து, அவன் வாயைத் திறக்கக் கூடாது என்று தெரிந்து, எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். அந்த வார்த்தைகள் முன்னமே தயாராக இருந்தவை. உன்மேல அவனுக்கு எந்தக் கோபமும் இல்ல. இத்தனை வருடமும் கதை உண்மையா பொய்யா என்று மட்டுமே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான், முட்டாள் மாதிரி. பொய்யென்றால் அது யாருடைய பொய் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

"ஜோ? லைன்ல இருக்கியா மேன்?"

"இருக்கேன்" என்றான். குரல் அவனுடையது மாதிரி இல்லை. "மாரீன், டெரிக்குக்குக் கை போச்சுன்னு எங்கிட்டச் சொல்லச் சொன்னது அவனா, இல்ல நீயாச் சொன்னியா?"